ஒன்றேகால் ஷில்லிங்

1890 வாக்கில் லண்டனில் சட்டம் படித்த ஓர் இந்திய மாணவரின் ஒருநாள் சாப்பாட்டுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்பதால் ஒன்றேகால் ஷில்லிங் என்று சொல்லிவிடலாம். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும். இரவில் ரொட்டியும் கோகோவும். இரண்டு வேளையும் அறையிலேயே, சின்ன அடுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு முடித்தார். மதியச் சாப்பாடு மட்டும் வெளியே.

மாணவரின் பெயர் மோகன்தாஸ் காந்தி. இந்தக் கணக்கை ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதியிருக்கிறார். பள்ளியில் பரிசாக வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ நம்மில் பலரும் அந்தப் பக்கங்களைக் கடந்து வந்திருப்போம். பின்னாளில் அரையாடைக்கு மாறப்போகிறவரின் எளிமைக்கு அது முன்னறிகுறி என்றே நமக்குச் சொல்லித் தந்தார்கள். அப்படி வாசிக்கும்போது மகாத்மா கிடைக்கிறார். மாணவர் கைநழுவிப் போகிறார். அண்ணன் அனுப்பும் பணத்தில், முகம் தெரியாத ஊரில், இன்றைக்கு எங்கே என்ன சாப்பிடுவது என்று ஒவ்வொரு நாளும் யோசித்த இருபது வயதுக்காரர் ஒருவர் அந்தப் பக்கங்களில் இருக்கிறார். வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார்.

அறை வாடகையைக் குறைத்தார். வண்டிச் சத்தம் மிச்சம் என்று நாளுக்கு எட்டு, பத்து மைல் நடந்தார். வீட்டிலிருந்து வந்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தினார். இவ்வளவையும் வெட்டியவர் அந்த ஒருவேளை வெளிச்சாப்பாட்டை ஏன் வெட்டவில்லை? அடுப்பு இருந்தது. சமையலுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை என்று அவரே சொல்கிறார். மதியமும் ரொட்டியும் கோகோவுமாக ஒப்பேற்றியிருக்கலாம். அவர் செய்யவில்லை. இந்தக் கேள்விக்கு விடை அவருடைய முதல் வருடத்துப் பட்டினியில் இருக்கிறது.

1888 செப்டம்பரில் கப்பலேறும்போது அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி அவர் இறைச்சி தொடவில்லை. ரிச்மண்டில் நண்பர் ஒருவரோடு தங்கியிருந்தபோது மதியமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். நன்றாகச் சாப்பிடக்கூடிய உடம்பு அவருக்கு. ஆனால் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க வெட்கம். பிறகு மேற்கு கென்சிங்டனில் கைம்பெண் ஒருவரின் வீட்டில் விடுதிக்காரராகச் சேர்ந்தார். அங்கேயும் அதே கதை. அந்த அம்மாளின் இரண்டு பெண்களும் பரிவோடு ஒரு துண்டு கூடுதலாக வைப்பார்களாம். முழு ரொட்டி ஒன்று இருந்தால்தான் தன் வயிறு நிரம்பும் என்பது அவர்களுக்குத் தெரியாது என்று எழுதுகிறார். கேட்டால் கிடைத்திருக்கும். கேட்க வாய் வரவில்லை.

பணமும் அங்கே இரட்டிப்பாகப் போயிற்று. ஒரு குடும்பத்தோடு தங்கினால் வாரத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். மரியாதைக்கு அவ்வப்போது வீட்டாரை வெளியே விருந்துக்கு அழைத்துப்போக வேண்டும். கூட வருபவர் பெண்ணாக இருந்தால் எல்லாச் செலவும் ஆணுடையது. வெளியே சாப்பிட்ட வேளைக்கு வாரக் கட்டணத்தில் ஒரு காசும் கழித்துக்கொள்ள மாட்டார்கள். உண்ணாத சாப்பாட்டுக்கும் பணம், உண்ட சாப்பாட்டுக்கும் பணம். மெஸ் பில் கட்டிவிட்டு வெளியே புரோட்டா தின்ற எவருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும். போலிக் கௌரவத்துக்காகப் போகும் பணம் என்று அவர் இதற்குப் பெயர் வைத்தார். அந்த வீட்டை விட்டு வந்து தனி அறை எடுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வெளியே சாப்பிட்டே தீரவேண்டிய இன்னொரு கட்டாயமும் இருந்தது. அவர் சேர்ந்திருந்த இன்னர் டெம்பிள் என்ற சட்ட நிறுவனத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற, தேர்வு எழுதுவது பாதிதான். மீதிப் பாதி விருந்து உண்பது. பருவம் ஒன்றுக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு விருந்து நடக்கும். அதில் ஆறிலாவது உட்கார வேண்டும். அப்படிப் பன்னிரண்டு பருவம். ஒரு விருந்துக்கு இரண்டரை ஷில்லிங்கிலிருந்து மூன்றரை வரை. அவருடைய பிற்காலச் சிக்கனக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மிகக் குறைந்த விருந்தே இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. கூடுதல் என்றால் கிட்டத்தட்ட மூன்று நாள். அவ்வளவு கொடுத்து உட்கார்ந்தால் அவர் தொடக்கூடியது ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். தொடக்கத்தில் அதுவும் பிடிக்காமல் ஒன்றுமே உண்ணாமல் எழுந்து வந்திருக்கிறார். நான்கு பேருக்கு இரண்டு புட்டி மது வைப்பார்கள். இவர் குடிக்காதவர் என்பதால் இவரைத் தங்கள் நால்வரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மற்ற மாணவர்களுக்குள் போட்டி.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். அவரும், மரக்கறி உண்ணும் பார்சி மாணவர் ஒருவரும் சேர்ந்து விண்ணப்பம் கொடுத்தார்கள். மூத்த வழக்கறிஞர்களின் மேசைக்குப் போகும் மரக்கறிப் பதார்த்தங்களை எங்களுக்கும் தாருங்கள் என்று கேட்டார்கள். கிடைத்தது. பழமும் காய்களும் வரத் தொடங்கின. மூன்றாவது துண்டு ரொட்டி கேட்க வெட்கப்பட்டவர், ஊரிலேயே பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் எழுதிக் கேட்டு வாங்கினார். வாழ்நாள் முழுக்க மனு எழுதிய ஒருவரின் தொடக்க கால மனுக்களில் ஒன்று சாப்பாட்டுக்கானது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த விருந்துகளால் வழக்கறிஞருக்கு என்ன தகுதி கூடுகிறது என்று தமக்கு விளங்கவே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். முன்னொரு காலத்தில் மாணவர்கள் சிலரே இருந்தபோது மூத்தவர்களோடு உட்கார்ந்து பேசி உலக ஞானமும் பேச்சு நயமும் பெற்றார்களாம். தம் காலத்தில் மூத்தவர்களுக்குத் தனி மேசை. பேச்சும் இல்லை, பழக்கமும் இல்லை. கட்டணம் மட்டும் மிச்சம். இதைவிடத் துல்லியமான விமர்சனம் இருக்க முடியாது. ஒரு மேசைக்கு நாம் கொடுக்கும் காசு அங்கே நடக்கும் உரையாடலுக்கும் சேர்த்துத்தான். அது இல்லாமல் போனால் விலை அநியாயமாகிவிடுகிறது.

வெளியே உண்பதன் கசப்பான பக்கமும் அவருக்கு நேர்ந்தது. நாடகம் பார்க்கப் போகும் முன் நண்பர் ஒருவர் அவரை ஹோல்பார்ன் உணவகத்துக்கு அழைத்துப்போனார். பெரிய இடம். சூப் வந்தது. அதில் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்டார். நண்பருக்குக் கோபம். நாகரிகமான இடத்தில் பழகத் தெரியாதவன், வேறெங்காவது போய்த் தின்றுவிட்டு வெளியே காத்திரு என்று சொல்லிவிட்டார். இவர் எழுந்து வெளியே வந்தார். அருகிலிருந்த மரக்கறி உணவகம் மூடியிருந்தது. அன்றிரவு பட்டினியோடு நாடகத்துக்குப் போனார். நண்பர் மேல் குறை சொல்லவில்லை. அவருடைய அன்பையும் அதில் கண்டதாகவே எழுதுகிறார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. ஒருவரின் சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொருவரை எழுப்பி அனுப்புவது சிறிய காரியம் இல்லை.

இதற்கெல்லாம் நடுவே ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். பல நாள் மைல் கணக்கில் நடந்து தேடி, மலிவான கடைகளில் ரொட்டியை வாங்கி வயிற்றை நிரப்பி, திருப்தி இல்லாமல் அலைந்த பிறகு கண்ணில் பட்டது அது. வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு இருந்த புத்தகங்களில் ஹென்றி சால்ட் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு வயிறார உண்டது அன்றுதான்.

அங்கே வாங்கியதில் சோறு ஒரு பங்குதான். அந்த வட்டாரத்து மேசைகளின் வழியாகத்தான் லண்டன் மரக்கறிச் சங்கத்தாரோடு பழக்கம் வந்தது. சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினரானார். மரக்கறி விடுதி ஒன்றில் சந்தித்த மான்செஸ்டர்க்காரர்தான் அவரை பைபிள் படிக்கச் சொன்னார். 1891இல் அந்தச் சங்கத்தாரின் பத்திரிகையில் இந்தியர்களின் உணவையும் விழாக்களையும் பற்றி எழுதிய கட்டுரைகளோடு அவருடைய எழுத்து வாழ்க்கை தொடங்குகிறது. அந்த மதியச் சாப்பாட்டை ஏன் வெட்டவில்லை என்பதற்கு விடை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அறையில் உட்கார்ந்து அதைவிட மலிவாக உண்டிருக்கலாம். அப்படி உண்டிருந்தால் அவருக்கு லண்டன் கிடைத்திருக்காது.

சிக்கனத்தில் அவர் உச்சம் தொட்ட நாட்களிலும் தனியாக உண்ணவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி நாராயண ஹேமசந்திரர். லண்டன் வந்து ஆங்கிலம் கற்க விரும்பிய குஜராத்தி எழுத்தாளர். இருவரும் மாறிமாறிச் சமைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். காந்தி காரட் சூப் வைத்தார். அவருடைய ருசியைப் பார்த்து ஹேமசந்திரர் பரிதாபப்பட்டார். ஒருநாள் எங்கிருந்தோ பாசிப்பயறு வாங்கி வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்தார் ஹேமசந்திரர். காந்தி அதை ஆனந்தமாகச் சாப்பிட்டார். 1890களின் லண்டனில் பாசிப்பயறு தேடி அலைந்த அந்த மனிதருக்காகவே அந்த அத்தியாயத்தை மறுபடி படிக்கலாம்.

இன்னொரு மாணவரின் கணக்கு இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையாக மாதம் பதினொன்றரைப் பவுன் பெற்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். அந்தத் தொகையிலிருந்து வீட்டுக்கும் அனுப்ப வேண்டும், புத்தகமும் வாங்க வேண்டும். பிறகு லண்டனில் படித்த காலத்தில் காலையில் துண்டு ரொட்டியும் தேநீரும், இரவில் பசியெடுத்தால் சுட்ட அப்பளமும் பாலும் என்று நாட்களைக் கழித்ததாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வயிற்றைப் பொறுத்தவரை காந்தியைவிடக் கடுமையான வாழ்க்கை. ஆனால் ஒன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழிந்த ஐந்தாண்டு, தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பையே மனத்திலிருந்து துடைத்துவிட்டது என்று பின்னாளில் அவர் எழுதினார். 1917இல் பரோடாவில் ரயிலிறங்கியதும் தங்க இடமில்லை, எந்த விடுதியும் ஏற்காது என்ற நினைப்பு திரும்பி வந்தது. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள்.

எனவே வெளிநாட்டில் ஒரு மாணவர் கடைக்குள் நுழைந்து, எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, யார் பக்கத்திலும் உண்பதற்கு எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. காந்திக்கு ஹோல்பார்னில் அவமானம். அம்பேத்கருக்கு அதே நகரங்களின் மேசைகள் ஊரில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தன. தமிழ்நாட்டுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பரிமாறவில்லை என்பதுதான் 1924, 25இல் பெரும் சச்சரவானது. பெரியார் காங்கிரஸிலிருந்து விலகிய காரணங்களில் அதுவும் ஒன்று. ஒரு பந்தியில் யார் யார் உட்காரலாம் என்பது நமக்கு எப்போதும் அரசியலாகவே இருந்திருக்கிறது. நம் மாணவர்களில் சிலருக்கு அயல்நாட்டு உணவகத்தில் உட்காருவது இன்னும் அந்த அர்த்தத்தோடுதான் நடக்கிறது. அவர்களிடம் போய், வெளியே சாப்பிடுவது ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இன்றைய கணக்குக்கு வருவோம். ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறேன். கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை என்பதால் நம் பொறியியல் பட்டதாரிகள் ஏராளமாகப் போகும் நாடு. விசா வாங்க, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான தொகையைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போன பிறகு அது மாதம் 992 யூரோவாகக் கையில் வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, கைப்பேசி எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சாப்பாடு. இதில் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் வளையக்கூடியது. வாடகையைப் பாதியாக்க முடியாது. மதியச் சோற்றைப் பாதியாக்க முடியும்.

இங்கிருந்து போகிறவருக்கு இதில் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் பல இடங்களில் ‘டிவைடிங் சிஸ்டம்’தான். மாதச் செலவு மொத்தத்தையும் தலைக்கு வகுத்து பில் போடுவார்கள். நான்கு வருடம் அப்படி உண்டவருக்கு ஒருவேளைச் சோற்றின் விலை என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அதற்கு முன்னால் வீடு. அங்கே தட்டுக்கு ஏது விலை. திடீரென்று ஒவ்வொரு வாய்க்கும் விலைச்சீட்டு தொங்குகிறது. அதுவும் யூரோவில் இல்லை. மனத்துக்குள் ஓயாமல் பெருக்கல் நடக்கிறது. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காபி முந்நூற்றைம்பது, பீட்சா ஆயிரத்து இருநூறு. கல்விக்கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பீட்சா எப்படித் தொண்டையில் இறங்கும்?

இந்தப் பெருக்கலைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் மாதம் அது காப்பாற்றும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஆளைக் கூண்டுக்குள் போட்டுவிடும். பகுதிநேர வேலையில் யூரோவில் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் ரூபாயில் உண்ணுகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மணிநேர உழைப்பில் அங்கே ஒரு நல்ல சாப்பாடு வந்துவிடும். ஊரில் அதே சாப்பாட்டுக்கு எத்தனை மணிநேரம் உழைக்க வேண்டும் என்று யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை.

சமைத்துக்கொள்வதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். துருக்கிக் கடையில் காய்கறி, ஆசியக் கடையில் பத்துக் கிலோ அரிசி மூட்டை, இண்டியன் ஸ்டோரில் துவரம்பருப்பு, தள்ளுபடிக் கடைகளில் பால், தயிர், முட்டை. நான்கு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பெரிய பாத்திரத்தில் சாம்பார் வைத்துவிட்டால் புதன்வரை கவலை இல்லை. செலவைப் பிரித்துக்கொள்ள ஆப் இருக்கிறது. அங்கே ஞாயிறு கடை அடைப்பு சட்டப்படி. சனிக்கிழமை மாலைக்குள் வாங்க மறந்தால் திங்கள்வரை இருப்பதை வைத்து ஓட்ட வேண்டும் என்பதும் சீக்கிரம் பழகிவிடும். இந்தப் பகுதியைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூத்த மாணவர்களிடமிருந்து இளையவர்களுக்கு வாய்வழியாகவே போய்ச் சேர்கிறது.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாதது வேறொன்று. ஆய்வகத்தில் கூடப் படிக்கிறவர்கள் மாலையில் எங்கேயோ சாப்பிடப் போகிறார்கள். “வர்றியா?” என்று கேட்கிறார்கள். “இல்ல, சாப்பிட்டுட்டேன்” என்கிறான் நம் பையன். சாப்பிட்டிருக்க மாட்டான். கையில் அவ்வளவு பணம் இல்லை என்று சொல்வதைவிட, பசிக்கவில்லை என்று சொல்வது நமக்குப் பழக்கமான கௌரவம். விருந்தாளியாகப் போன வீட்டிலும் முதல்முறை கேட்டதும் வேண்டாம் என்போம். இரண்டாம் முறை வற்புறுத்துவார்கள் என்று தெரியும். அங்கே யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை; ஒருவரின் சொல்லை அப்படியே மதிப்பதுதான் அவர்கள் மரியாதை. நான்கைந்து முறை மறுத்த பிறகு அழைப்பே வருவதில்லை. மூன்றாவது துண்டு ரொட்டி கேட்க வெட்கப்பட்ட காந்தியின் வெட்கமும் இதுவும் ஒன்றுதான். ஒருவேளைச் சாப்பாடு மிச்சம். இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஜெர்மனியில் பில் வரும்போது சேர்த்தா தனித்தனியா என்று பரிமாறுபவரே கேட்பார். ஒவ்வொருவரும் தான் உண்டதற்கு மட்டும் கொடுப்பது அங்கே இயல்பு. நம் ஊரில் பில்லைப் பறித்துக்கொள்ள நடக்கும் போட்டி அங்கே இல்லை. ஒரு சூப் மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு மணிநேரம் உட்கார்ந்து பேசலாம். யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீர்கூடப் பெரும்பாலும் காசு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மவர்களுக்குள் நடக்கும் பிறந்தநாள் ‘ட்ரீட்’களில்தான் உண்மையான ஆபத்து. பீர் குடித்தவனுக்கும் தயிர்சாதம் உண்டவனுக்கும் சமமாக வகுத்து ஆப்பில் போட்டுவிடுவார்கள். நட்பு கெட்டுவிடுமோ என்று வாய்திறக்காமல் கட்டுகிறவர்கள் பலர். இதைப் பேசிச் சரிசெய்வது கஞ்சத்தனம் ஆகாது. இன்னர் டெம்பிளில் மனு கொடுத்தவருக்கு இருந்த துணிவில் கால்பங்கு போதும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி பல்கலைக்கழக உணவுக்கூடம். ஜெர்மன் மாணவர்கள் ‘மென்சா’ என்பார்கள். நகரைப் பொறுத்து மூன்று, நான்கு யூரோவுக்கு மதியம் சூடான முழுச் சாப்பாடு கிடைக்கும். மாணவருக்கு ஒரு விலை, ஊழியருக்கு அதைவிடக் கூடுதல், வெளியாளுக்கு இன்னும் கூடுதல். இதை நடத்துபவை மாணவர் நலனுக்கென்றே அமைந்த பொது நிறுவனங்கள். மாநில அரசுகளின் மானியம் உண்டு. இதன் வேர் முதல் உலகப்போருக்குப் பிந்திய வறுமையில் இருக்கிறது. போரிலிருந்து திரும்பிப் படிக்க வந்த மாணவர்கள் பசியில் வாடியபோது, 1921இல் டூபிங்கனில் மாணவர் பொருளுதவி அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. மலிவான பொதுச் சமையலறைகள் அந்த இயக்கத்தின் முக்கியமான வேலை. பிரான்சிலும் இதே போன்ற அரசு உணவுக்கூடங்கள் உண்டு. அங்கே 2025இல் வழக்கமான மாணவர் விலை 3.30 யூரோவாக, உதவித்தொகை பெறுபவருக்கு ஒரே ஒரு யூரோவாக இருந்தது.

மென்சாவில் உண்பது வெளியே உண்பதா, உள்ளே உண்பதா? இரண்டும்தான். விலை கிட்டத்தட்ட வீட்டு விலை. மேசை ஊருடைய மேசை. ஆய்வக நண்பர்கள் எல்லோரும் பன்னிரண்டு மணிக்கு அங்கேதான் போகிறார்கள். “சாப்பிட்டுட்டேன்” என்று பொய் சொல்ல அவசியமே இல்லாத ஒரே இடம் அது. அதையும் தவிர்த்து, டப்பாவில் கட்டிக்கொண்டு வந்த லெமன் ரைஸைப் படிக்கட்டு ஓரத்தில் தனியாக உண்டு நாளுக்கு இரண்டு யூரோ மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. மாதம் நாற்பது யூரோ. அந்த நாற்பது யூரோவில்தான் மொழி இருக்கிறது. எந்தப் பேராசிரியரிடம் ஆய்வேடு எழுதலாம், எங்கே வேலை காலியாகிறது என்ற செய்தி எல்லாம் இருக்கிறது. டப்பாவைத் திறந்து அதே மேசையில் உண்டால்கூட யாரும் தடுக்கப்போவதில்லை.

மாணவர் ஒருவர் கௌரவமாக உட்கார்ந்து உண்ணும் இடத்தைக் கட்டிக்கொடுப்பது அவருடைய சாமர்த்தியத்துக்கு விடவேண்டிய காரியம் இல்லை. அது கல்வியின் செலவு. 1956இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கிய மாநிலத்துக்கு, 2022இல் காலைச் சிற்றுண்டியையும் சேர்த்துக்கொண்ட மாநிலத்துக்கு இதில் சந்தேகம் இருக்க முடியாது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை ஏற்றுக்கொண்ட நாம், கல்லூரி வாசலில் அந்த நியாயத்தை ஏன் விட்டுவிடுகிறோம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சென்னையில் அறையெடுத்துப் படிக்கும் வெளியூர் மாணவர்களும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2013இல் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி வந்தபோது வரிசையில் நின்றவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

காந்திக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அவருடைய கணக்கில் கடைசியாக ஒரு பதிவு இருக்கிறது. ஊர் திரும்பும் நேரத்தில், 1891 ஜூனில், மரக்கறிச் சங்க நண்பர்களுக்கு அவர் ஒரு பிரிவுபசார விருந்து கொடுத்தார். ஃபாரிங்டன் தெருவிலேயே மலிவாக முடித்திருக்கலாம். மரக்கறிச் சாப்பாடு மரக்கறிக் கடையில் கிடைப்பதில் என்ன அதிசயம், மற்ற இடத்திலும் ஏன் கிடைக்கக் கூடாது என்று யோசித்து அவர் தேர்ந்தெடுத்தது ஹோல்பார்ன் உணவகத்தை. மேலாளரிடம் பேசி, முழுக்க முழுக்க மரக்கறி விருந்துக்கு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு காசையும் எழுதிவைத்து, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்த அதே மனிதர்தான் இதையும் செய்தார். சிக்கனத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு, எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற தெளிவிலிருந்து வந்தது. ஒன்றேகால் ஷில்லிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த விருந்தை விட்டுவிட்டால் அவரைப் பாதிதான் படித்திருக்கிறோம்.

இந்தப் பருவத்தில் விமானமேறப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கணக்கு எழுதுங்கள், ஆப்பிலோ நோட்டிலோ, தினமும் எழுதுங்கள். ஆனால் ‘வெளிச்சாப்பாடு’ என்று ஒரே வரியாகப் போடாதீர்கள். தனியாக, அலுப்பில், சமைக்கச் சோம்பல்பட்டு வாங்கித் தின்றது ஒரு வரி. பிறரோடு உட்கார்ந்து உண்டது இன்னொரு வரி. மாதக் கடைசியில் குறைக்க வேண்டிவந்தால் முதல் வரியில் தாராளமாகக் குறையுங்கள். இரண்டாவது வரிக்கு மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்கி, வாடகையைப் போல அதைத் தொடாமல் வையுங்கள். பணம் அனுப்பும் பெற்றோரும் அந்த வரியைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டாம்.